கேரியரின் நான்காவது கம்பி

அக்டோபர் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. காலை பத்து மணி நாற்பத்தேழு நிமிடம். தூறல். குடை விரிக்கிற அளவுக்கு இல்லை. விரிக்காமல் நின்றால் என் மனைவி ரோஸி திட்டுகிற அளவுக்கு இருந்தது.

வருடத்தைச் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்மநாபன், சங்க விஷயத்தைப் பத்திரிகையில் எழுதுவதானால் வருடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் இதுவரை என்னிடம் கேட்ட இருபது முப்பது விஷயங்களில் இது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது. ஒப்புக்கொண்டேன்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் வாசலில், என் மகள் ஜெனி தன் குட்டி யானையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். சரக்கு ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டிக்குச் சென்னையில் அதுதான் பெயர். வண்டியின் தலைக்கு மேல், சிந்தாதிரிப்பேட்டை வெல்டர் பாஷா பாயும் நானும் பதினோரு நாள் மல்லுக்கட்டிச் செய்த இரும்பு கேரியர், ரெட் ஆக்சைடு பூச்சில் செங்கல் நிறமாக இருந்தது. ஆறு கால்கள். குறுக்கே ஐந்து கம்பிகள். கேரியரோடு வண்டி இந்த வாசலுக்கு வருவது அன்றுதான் முதல் முறை.

தரைத்தளத்தில், வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். பதினொரு மணிக்குச் சங்கக் கூட்டம். வந்திருந்தவர்கள் கூட்டத்தை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலின் மேல் உத்தரத்துக்கும் கேரியருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அரை அங்குலம்.

"வரலாம் வரலாம்... அப்டியே வா... நேரா வுடு!" காவலாளி ஏழுமலை கையை ஆட்டினான்.

முன்சக்கரங்கள் வாசல் மேட்டில் ஏறின. முதல் கம்பி உத்தரத்துக்குக் கீழே வந்தது. போயிற்று. ஆனால் அரை அங்குல இடைவெளி தெரியவில்லை, ஒரு நூல்தான் தெரிந்தது. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை வெல்டிங் பட்டறையில் நூல் என்பார்கள். நான் டேப்பை எடுத்தேன். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஆறு பேர். பத்மநாபன் தட்டவில்லை.

இரண்டாவது கம்பி போயிற்று. மூன்றாவது போயிற்று. பின்சக்கரங்கள் மேட்டில் ஏறின.

டங்.

உத்தரத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஜெனி இன்ஜினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

"டாடி" என்றாள்.

முத்திரை அடித்தவன்

இந்தத் தொடரை இந்த வாரம் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். கடைகளில் தராசு, படிக்கல், லிட்டர், மீட்டர் கோல் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை அடிக்கிற வேலை.

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் மீட்டர் கோல் நான்கு மில்லிமீட்டர் குறைவாக இருந்ததைப் பிடித்தேன். முதலாளி கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், கடைக்கு ஏசி போட்டதுலேர்ந்தே இப்படித்தான் சார். குளிருக்கு எல்லாம் சுருங்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அபராதம் எழுதினேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. எண்ணாமல் என்னால் மாடி ஏற முடியாது. போன வாரம், எங்கள் வீட்டிலிருந்து கோட்டூர்புரம் போகிற வழியில் பதினேழு வேகத்தடைகள் என்று எழுதியிருந்தேன். பதினெட்டு என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். திரும்பப் போய் எண்ணினேன். பதினெட்டுதான். புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். அவருக்கு நன்றி. ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இப்படிப்பட்டவன் அளந்த அளவு தப்பாகப் போயிற்று என்றால், உத்தரம் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. உண்மையாகவே அண்ணாந்து பார்த்தேன்.

நான்கு மாதம்

ஜெனி தாவரவியலில் எம்.எஸ்ஸி. பதினான்கு வருடம் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து, "வேலைய விட்டுட்டேன். மாடித் தோட்டம் போட்டுக் குடுக்கப் போறேன்" என்றாள். அடுத்த வாரம், ஆறு வருடம் ஓடிய குட்டி யானை ஒன்றைத் தன் சேமிப்பில் வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

ரோஸியும் ஆசிரியையாக இருந்தவள்தான். கல்யாணம் வேண்டாம் என்று ஜெனி சொன்னபோது அவளோடு ஒன்பது நாள் பேசாமல் இருந்தாள். இந்த முறை பேச்சை நிறுத்தவில்லை. இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்ள வேண்டும், சர்ச்சில் பூசை எத்தனை மணிக்கு, துணி காய்ந்ததா எல்லாம் பேசினாள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நான்கு மாதமாக அந்த வண்டி எங்கள் வீட்டில் இல்லாத பொருளாக இருந்தது. அதன் கதவைக்கூட அவள் தொட்டதில்லை.

என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள். "எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு மண்ணு மூட்டை தூக்குறா. அதுக்கு நீங்க டேப் எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடுறீங்க."

இரண்டும் உண்மை.

வீட்டுக்குள் இப்படி என்றால், கீழே பத்மநாபன். குடியிருப்பில் சரக்கு வண்டி நிற்கக் கூடாது என்றார். தெருவில் நிரந்தரமாக நிறுத்தவும் வழியில்லை. எங்கள் தெரு பதினெட்டு அடி அகலம், அதில் நான்கு அடி குப்பைத் தொட்டிக்கு. மூன்று கூட்டங்கள் பேசி, கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் கூட்டம் தொடங்கும்போது வண்டி உள்ளே, எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில், ஓர் அங்குலம்கூட வெளியே நீட்டாமல் நிற்க வேண்டும். நின்றால் நிரந்தர அனுமதி. இல்லையென்றால் வண்டி போக வேண்டும்.

நிறுத்த இடமில்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஜெனி என்ன செய்வாள்? விற்க வேண்டியதுதான். ஓர் ஆளும் வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

பஸ்ஸின் முன்னால் இரண்டு குழாய்

வண்டி உள்ளே போவது என்றால், கேரியர் இல்லாமல் சுலபமாகப் போகும். கேரியர் ஏன் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடித் தோட்டத்துக்கு நிழல் வலை கட்ட நீளமான இரும்புக் குழாய்கள் வேண்டும். பதினான்கு அடி. வண்டியின் சரக்குத் தொட்டி ஏழு அடிதான். ஜெனி குழாய்களைத் தொட்டியில் ஊன்றி, டிரைவர் கூரைமேல் பழைய மெத்தையைப் போட்டு அதன்மேல் சாய்த்துக் கயிறு கட்டுவாள். ஒரு நாள் அடையாறு சிக்னலில் அவள் பிரேக் போட்டபோது, இரண்டு குழாய்கள் எங்கள் தலைக்கு மேலாக முன்னால் வழுக்கிக்கொண்டு போய், குறுக்கே திரும்பிய பஸ்ஸின் முன்னால் விழுந்தன. கணகணவென்று அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பைப்ப வுட்டு அடிக்கிறியா? நாங்க இன்னா பண்ணோம் உன்ன?"

பிறகு அவரே இறங்கிவந்து, ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். யாருக்கும் அடிபடவில்லை. ஜெனி வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ரோஸியிடம் நாங்கள் இருவரும் இதைச் சொல்லவில்லை. இந்த இதழ் வந்ததும் தெரிந்துகொள்வாள்.

"கேரியர் இல்லாம இனிமே பைப் ஏத்த மாட்டேன் டாடி" என்றாள் ஜெனி. அப்போது கோட்டூர்புரத்தில் ஒரு பெரிய மொட்டை மாடிக்குத் தோட்டம் போட ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பதினெட்டுக் குழாய்கள்.

சிந்தாதிரிப்பேட்டை

கடையில் விற்கிற கேரியர் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் கால்கள் மெலிது. ஒன்றில் வெல்டிங் சொத்தைப் பல் மாதிரி இருந்தது. நாமே செய்வோம் என்று முடிவானது.

பாஷா பாயின் பட்டறை கூவத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. முன்னால் ஒரு வண்டி நிற்கலாம். இரண்டாவது வண்டி வந்தால் தெரு நின்றுவிடும். கூவத்தின் வாடையும் வெல்டிங் புகையும் கலந்து வரும். மூன்றாவது நாள் அந்த வாடை எனக்குப் பசியைக் கிளப்ப ஆரம்பித்தது, காரணம் தெரியவில்லை.

பக்கத்துக் கடையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் எடைக்கு வாங்கினோம். நான் தராசைக் குனிந்து பார்த்ததும் கடைக்காரர் உஷாரானார். "சார் எந்த ஆபீஸ்?" ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். "அப்ப எந்திரிங்க சார், இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

எவ்வளவு உயரம் வைப்பது என்பதில்தான் சிக்கல். குழாய் மேலே போகும். கீழே தொட்டியில் செடிகள் நிற்கும். "செடி தலை மடங்கக் கூடாது டாடி, எவ்ளோ ஒசரம் கெடைக்குமோ அவ்ளோ வேணும்" என்றாள் ஜெனி. அதனால் வாசல் உத்தரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு போக நினைத்தேன். மேட்டின் உச்சியிலிருந்து உத்தரம் வரை ஆறு முறை அளந்தேன். ஆறு அடி எட்டு அங்குலம். கேரியரின் உயரம் தரையிலிருந்து ஆறு அடி ஏழரை அங்குலம் என்று வைத்தேன்.

கால்களை வெட்டுவதற்கு முன் பாய் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது எப்போதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்.

"சார், வண்டில லோடு கீதே. எறக்கிட்டு அளக்கலாமா?"

அன்று தொட்டியில் இருபத்துநான்கு மூட்டை செம்மண் இருந்தது. ஜெனி அதைச் சாயங்காலம் ஓரிடத்தில் இறக்க வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"பாய், அளவு டேப்பில் இருக்கு. மூட்டைக்கும் டேப்புக்கும் என்ன சம்பந்தம்? நான் முப்பத்தொரு வருஷம் அளந்தவன்."

"நீங்க சொன்னா சரி சார்" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கால்களைப் போல்ட் போட்டுத்தான் தொட்டியில் மாட்டினார். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம் என்றார். ஓடுகிற வண்டியில் நட்டு கழன்றுவிட்டால்? அன்று இரவு அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் போய், இருபத்துநான்கு நட்டுகளின் மேலும் ஒவ்வொரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொன்னேன். "கயட்ட முடியாது சார் அப்பறம்" என்றார் பாய். கழற்ற மாட்டோம் என்றேன்.

கம்பிகளின் மேல் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றினேன், குழாய் வழுக்காமல் இருக்க. அந்த வேலை முழுவதும் என்னுடையது. ரப்பர் நாற்றம் கையை விட்டுப் போக நான்கு நாள் ஆயிற்று. கேரியரைப் பிடித்து உலுக்கிப் பார்த்தபோது வண்டியே ஆடியது, கேரியர் ஆடவில்லை. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை.

பதினொன்றுக்கு ஏழு நிமிடம்

இப்போது வாசலுக்கு வருகிறேன். நான்காவது கம்பி பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பது. அது உத்தரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியின் முகம் உள்ளே, முதுகு தெருவில்.

ஜெனி பாய்க்குப் போன் போட்டு, சத்தம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"எத்தினி இஞ்சு இடிக்கிது?"

நாற்காலியில் ஏறி அளந்தேன். "ரெண்டு."

"சார்..." என்று இழுத்தார் பாய். "லோடு இருக்கசொல்லதானே அளந்தோம்? இப்ப காலியா கீதா?"

"காலி."

"அப்ப ஸ்பிரிங் பட்டை எய்ந்துக்கும் சார். அறநூறு கிலோ எறங்கினா வண்டி ரெண்டரை இஞ்சு மேல வந்துரும். முன்னாடி அவ்ளோ வராது, பின்னாடிதான் வரும். அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சரி வுடுங்க. நான் ராணிப்பேட்டைல ஒரு கல்யாணத்துல கீறேன். நாளைக்கு எட்த்தாங்க, அறுத்து ஒட்டிக்கலாம்."

முப்பத்தொரு வருடம். காலித் தட்டைச் சரிபார்க்காமல் எந்தக் கடையிலும் நான் ஒரு தராசுக்கும் முத்திரை அடித்ததில்லை. இங்கே தட்டில் அறுநூறு கிலோவை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறேன்.

பத்மநாபன் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி வந்தார். "என்ன ஓய், நாளைக்கா? தீர்மானம் இன்னிக்கு. பதினொண்ணுக்கு இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"என் வாட்சில் எட்டு."

"இந்த மேடு எதுக்கு அஞ்சு இஞ்சு? நான் மூணு போதும்னேன். மழைத் தண்ணி உள்ள வந்துடும், அஞ்சு வேணும்னு தீர்மானம் கொண்டுவந்ததே நீர்தானே? மினிட்ஸ்ல இருக்கு."

இருந்தது. மேடு போடுவதற்கு முந்தைய வருட மழையில் தரைத்தளத்தில் பதினான்கு அங்குலம் தண்ணீர் நின்றதை அளந்து சொன்னவனும் நான்தான்.

"போல்ட்டைக் கழட்டிடலாமே?" என்றார் மூன்றாம் மாடி டாக்டர். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

இரண்டாம் மாடி பால்கனியில் ரோஸி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஜெனியும் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த நான்கு மாதத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அடையாறு சிக்னலில்கூட இல்லை.

எட்டுப் பேர்

ஒரு நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"டாடி, அந்த மூட்டையெல்லாம் இப்ப இருந்தா வண்டி உள்ள போயிடும்ல?"

"போகும். ஆனா மூட்டை எங்கே?"

"மூட்டை இல்ல." நாற்காலிகளைக் கை காட்டினாள். "ஆள் இருக்காங்க."

கணக்குப் போட்டேன். ரெண்டரை அங்குலத்துக்கு அறுநூறு கிலோ. ரெண்டு அங்குலத்துக்கு மேல் ஒரு நூல் வேண்டும். ஐந்நூற்றுப் பத்து கிலோ.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எல்லோரையும் எடை கேட்க ஆரம்பித்தேன். ஏழுமலை ஐம்பத்திரண்டு. முதல் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், அவர் எழுபத்தொன்று, அவள் ஐம்பத்துநான்கு. ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் எழுபத்தெட்டு. டாக்டர் அறுபத்தாறு. நான் ஐம்பத்தெட்டு. பத்மநாபனின் மனைவி கீதா மாமி, சொல்ல மாட்டேன் என்றார். கண் மதிப்பில் எழுபது என்று குறித்தேன். எட்டிப் பார்த்துவிட்டார்.

"எழுபதா! இவர் தராசு பாத்த லட்சணம்தான் மேல இடிக்கறதே!"

அறுபத்திரண்டு என்று திருத்தினேன். மனதுக்குள் எழுபதையே கூட்டினேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படியாகப் போட்டு, ஒவ்வொருவராகத் தொட்டியில் ஏறினோம். நின்றால் கேரியர் தலையில் இடிக்கும். எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம், பந்தியில் உட்கார்வது போல எதிரும் புதிருமாக. ஈரமண் வாசனை வந்தது. புதுப்பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சரக்கு வண்டில மனுஷாளை ஏத்தப்படாது, சட்டம் இருக்கு" என்றார் பத்மநாபன் கீழே நின்றபடி.

"அது ரோட்டுல" என்றேன். "இது நம்ம வாசல்."

"பாதி வண்டி ரோட்டுலன்னா நிக்கறது?"

வண்டி இறங்கியிருந்தது. நான் நான்காவது கம்பிக்கு நேர் கீழே படுத்து அண்ணாந்து பார்த்தேன். ஏழு பேர், நானூற்று நாற்பத்தொன்பது கிலோ. இன்னும் ஒரு நூல் இடித்தது. ஒரே ஒரு நூல்.

"இன்னும் ஒருத்தர்" என்றேன்.

கீழே மீதி இருந்தவர்கள் ஒரு குழந்தை, கால் கட்டுப் போட்ட ஒரு பெரியவர், பத்மநாபன். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஜெனி கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மநாபன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பேட்டைப் பிரித்தார்.

"'வண்டி உள்ளே, தன் இடத்தில் நிற்க வேண்டும்.' இப்படித்தான் எழுதியிருக்கேன்." மறுபடி ஒரு முறை படித்தார். "எப்படி உள்ளே வரணும்னு எழுதலை."

"ஏறுங்கோன்னா" என்றார் கீதா மாமி உள்ளேயிருந்து. "ஆத்துல கார்த்தால எட்டு இட்லி சாப்ட்டேளே, அதுக்கு ஒரு உபயோகம் வரட்டும்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குறிப்பேட்டை என் கையில் கொடுத்தார். இரண்டு பேர் கை கொடுக்க, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி என் எதிரே உட்கார்ந்தார்.

"எண்பத்துநாலு. எழுதிக்கும்."

வண்டி முனகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தது.

"மணி பதினொண்ணு ஆயிடுத்தே" என்றார் வங்கி மேனேஜர்.

"ஆகட்டும். செகரெட்டரி இல்லாம கூட்டம் ஆரம்பிக்காது. செகரெட்டரி இங்க உட்கார்ந்துண்டு இருக்கேன். வண்டி நின்னப்புறம்தான் எறங்குவேன்." பிறகு முன்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மெதுவா விடும்மா. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கேன்."

ஜெனி முதல் கியரைப் போட்டாள். உத்தரம் என் முகத்துக்கு நேரே வந்தது. நான்காவது கம்பிக்கும் அதற்கும் இடையில் மடித்த செய்தித்தாள் ஒன்று நுழையலாம். அவ்வளவுதான். மூச்சை விட்டால் வண்டி எழும்பிவிடும் போல நாங்கள் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கம்பி கடந்தது. பின்சக்கரம் மேட்டிலிருந்து இறங்கியது. ஐந்தாவது கம்பி யாரையும் கேட்காமல் உள்ளே போயிற்று.

இந்த முறை பத்மநாபனும் கைதட்டினார்.

கூட்டம் பதினொன்று ஒன்பதுக்குத் தொடங்கியது. வண்டிக்கு நிரந்தர அனுமதி முதல் தீர்மானம். எதிர்ப்பு இல்லை.

திங்கட்கிழமை

உள்ளே வந்த வண்டி வெளியே போக வேண்டுமே. இது எனக்கு ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. கேரியரை அறுக்கப் பட்டறைக்குப் போவதற்கே மறுபடி எட்டுப் பேர் வேண்டும். நான்கு மணிக்குக் காகிதத்தோடு மாடி மாடியாக ஏறி, எல்லோரிடமும் காலை ஆறு பத்து என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. தரை மட்டும் ஈரம். ஆறு பத்துக்கு ஏழு பேர் வந்துவிட்டோம். பத்மநாபன் கையில் காபி டம்ளரோடு வந்தார். டாக்டரைக் காணவில்லை, அவருக்கு அன்று காலை டியூட்டி என்பதை மறந்துபோய்ச் சரி என்று சொல்லியிருக்கிறார்.

நானூற்று அறுபத்தேழு கிலோ. போதாது. ஏழு பேரும் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு எட்டாவது ஆளுக்காகத் தெருவைப் பார்த்தோம். பேப்பர் போடுகிறவர் வந்தால் கேட்கலாம் என்று ஏழுமலை சொன்னான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரோஸி. வெளியே போகும்போது கட்டுகிற புடவை. கையில் கைப்பை. நேராக வண்டியின் பின்னால் வந்து நின்றாள்.

"எவ்ளோ குறையுது?" என்று என்னைக் கேட்டாள்.

"நாப்பத்திமூணு."

"நான் அறுபத்தொண்ணு." நாற்காலியில் கால் வைத்தாள். கீதா மாமி நகர்ந்து இடம் கொடுத்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கேரியரை ஒவ்வொரு கம்பியாக நிமிர்ந்து பார்த்தாள். "இந்த ரப்பர் சுத்தினது நீங்களா?"

"ஆமா."

"அந்த நாத்தமா அது" என்றாள்.

ஜெனி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தாள் என்று நினைக்கிறேன். வண்டியை ரிவர்ஸ் எடுக்க வழக்கத்தைவிட நேரமானது.

வாசலைக் கடந்ததும் எல்லோரும் இறங்கினோம். நான் என் டேப், நோட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். குட்டி யானையில் முன்னால் இரண்டே இருக்கைகள். டிரைவர் பக்கத்து இருக்கையில் ரோஸி உட்கார்ந்திருந்தாள்.

"சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் வரேன்" என்றாள். "நீங்க அளக்கிறதை யாராவது பக்கத்துல நின்னு பாக்கணும்."

"அப்ப நான்?"

"ஆட்டோல வாங்க டாடி" என்றாள் ஜெனி. வண்டி போய்விட்டது.

நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது டேப்பின் ஒரு முனை பாயிடமும் மறுமுனை ரோஸியிடமும் இருந்தது. "வண்டி காலியாத்தானே இருக்கு? நல்லா பாத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "காலிம்மா, நானே குனிஞ்சி பாத்தேன்" என்றார். ஜெனி அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெண்டரை அங்குலம் அறுத்தார்கள். நான் அளக்கவில்லை.

பதினெட்டுக் குழாய்களையும் அங்கேயே ஏற்றிக் கட்டி, நேரே கோட்டூர்புரம் போவதாக ஏற்பாடு. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு நான் முன்பக்கம் வந்தேன். ரோஸி இறங்கவில்லை.

இரும்பு, பாய் கூலி, பெயின்ட், போல்ட், டியூப், மறுபடி அறுத்து ஒட்டியது, இவற்றோடு எனக்கு இரண்டு ஆட்டோ. மொத்தம் பதினோராயிரத்து இருநூற்று எண்பது ரூபாய்.